ஆச்சியின் தொண்டையும் கையும்

நடிப்புக் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, அழுகையை எப்படி வரவழைப்பது என்றுதான். கிளிசரின் போடாமல் அழத் தெரிந்தால் நடிகை ஆகிவிடலாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: நீ நடிக்கப்போகிறவள் எந்த ஊர்க்காரி? காலையில் எழுந்ததும் அவள் கை என்ன வேலை செய்யும்? இந்த இரண்டும் தெரியாமல் பாடத்தை வாயில் போடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் நாடக வாத்தியார். அதைப் படத்துக்குப் படம் செய்து காட்டியவர் மனோரமா ஆச்சி. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, சமையல்காரி என்று வேடம் கட்டிப் பிழைக்கிற எங்களுக்கு ஆச்சியின் படங்கள்தான் பள்ளிக்கூடம். அங்கே நான் படித்ததைப் படிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார், பத்மஸ்ரீ வாங்கினார் என்பதெல்லாம் ஊரறிந்த கதை. தொழில் செய்கிறவளுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. 1937இல் மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தார். வறுமையில் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறிவிட்டார். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு, கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’ என்று ஊர் ஊராகப் போனார். கேமரா முன்னால் நிற்பதற்குள் அந்தத் தொண்டை எத்தனையோ கொட்டகைகளை நிரப்பிவிட்டது.

நாடக மேடை தொண்டைக்கு என்ன செய்யும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மைக் மேலே ஒன்று தொங்கும், அதுவும் பாதி நேரம் கரகரக்கும். மணலில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும். கத்தினால் சேராது, கத்தினால் சத்தம்தான் போகும், சொல் போகாது. எங்கள் வாத்தியார் கால்பெட்டி ஆர்மோனியத்தின் முன்னால் எங்களை நிறுத்தி, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “பாட வேணாந்தாயி, பேசு. ஆனா இதை விட்டு எறங்காமப் பேசு” என்பார். வசனத்துக்கும் சுதி உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் எல்லோரும் சுதியை ஏற்றுவார்கள். அவர் இறக்கச் சொல்வார். இறக்கிப் பேசி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் ஏற்றினால் கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

ஆச்சி பாடத் தெரிந்தவர். மேடையிலும் பாடினார், படத்திலும் பாடினார். அவர் வசனம் காதில் நிற்பதற்கு அதுவே பாதிக் காரணம் என்பேன். எத்தனை வேகமாகப் பொரிந்தாலும் சுதி விலகாது.

1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில்தான் அவருக்கு சினிமா நுழைவு. நகைச்சுவை வேடம். தயங்கியதாகவும், கண்ணதாசன் எடுத்துச் சொன்ன பிறகு ஏற்றுக்கொண்டதாகவும் ஆச்சியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் வந்தார். ஆனால் அவரை உருவாக்கியது நகைச்சுவைதான். கதாநாயகிக்கு ஒரு பாட்டு, மழை, மலர்த்தோட்டம் என்று அவள் யார் என்பதைக் காட்ட நேரம் கொடுப்பார்கள். நகைச்சுவை வேடக்காரிக்குப் படம் முழுக்க நாலைந்து காட்சி. நுழைந்து முதல் வசனம் பேசுவதற்குள் அவள் இன்ன ஊர், இன்ன வயது, இன்ன பிழைப்பு என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும். இந்த நெருக்கடியில் பழகிய கைதான் பிறகு அம்மா வேடங்களைத் தூக்கி நிறுத்தியது.

1967, 1968 ஆகிய இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷுடன் தூத்துக்குடிக்காரி. ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவுடன் சென்னைத் தமிழ், பாட்டும் சொந்தக் குரலில். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி. மூன்று தொண்டை. வட்டார வழக்கு என்றால் அந்த ஊர்ச் சொற்களை அள்ளிப் போடுவது என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். சொல் வசனகர்த்தா கொடுப்பது. வாக்கியம் எங்கே இறங்குகிறது, எந்த எழுத்தை இழுக்கிறது, எதை விழுங்குகிறது என்பது நடிகை கொண்டுவருவது. தூத்துக்குடிப் பேச்சில் கேள்வி கடைசி எழுத்தில் நீண்டு தொங்கும். சென்னைத் தமிழ் முன்பாதியிலேயே வேலையை முடித்துவிட்டு வால் எழுத்துகளை விழுங்கிவிடும்.

எனக்கு ஒருமுறை கொங்கு நாட்டுப் பாட்டி வேடம் வந்தது. காரைக்குடிப் பக்கத்துக்காரியான நான் ஈரோட்டில் சந்தைக்குப் போய் உட்கார்ந்து, பேச்சைக் கேட்டு, சொற்களை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மானிட்டர் என்கிற ஒத்திகை முடிந்ததும் இயக்குநர், அந்த மண்ணுக்காரர், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “வார்த்தையெல்லாம் எங்கூருதாங்கம்மா. அவசரம் மட்டும் உங்கூருங்க.” அவர் சொன்னது சரி. அந்த ஊர்ப் பாட்டி கோபத்தைக்கூட மரியாதையோடு நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள். மறுபடி சந்தைக்குப் போனேன். இந்த முறை நோட்டு இல்லாமல். கத்தரிக்காய்க் கூறு வைத்திருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசும்போது எங்கே மூச்சு விடுகிறார் என்பதை மட்டும் கவனித்தேன். ஊர் மூச்சில் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் சொல் ஒன்றிரண்டு தப்பினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ரமாமணிக்கு வருகிறேன். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடரை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், சி.கே.சரஸ்வதி என்று ஆளாளுக்குக் காட்சியைத் தன் பக்கம் இழுக்கத் தெரிந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கொட்டகையில் ஆடிப் பாடிப் பிழைக்கிற ஒருத்தியாக ஆச்சி கொஞ்ச நேரம்தான் வருகிறார். வித்வானாக வரும் சிவாஜியின் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா என்று அவர் கேட்கிற இடத்தில் இன்றைக்கும் சிரிக்காதவர் கிடையாது. பிள்ளைகள் அதைச் செய்து காட்டும்போது எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: சிரிக்க வைக்கப் பேசுகிறார்கள். ஆச்சி அப்படிப் பேசவில்லை. ரமாமணிக்கு அந்தக் கலைஞன்மேல் உண்மையான பக்தி. தெரியாததைத் தெரிந்துகொள்ள உண்மையாகவே கேட்கிறாள். அந்த உண்மையினால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, அது தொழில் நுணுக்கம். மேடையில் சிரிப்பு எழுந்தால் அது இறங்குகிற வரை காத்திருந்து, முழுக்க அடங்குவதற்குள் அடுத்த சொல்லை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் சொல் சிரிப்பில் மூழ்கும். பிந்தினால் காட்சி செத்துப்போகும். படப்பிடிப்புத் தளத்தில் யார் சிரிப்பார்கள்? லைட்மேன்கூட வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். தியேட்டரில் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கு இடம் விட்டுப் பேச வேண்டும். வெறுமனே நிறுத்தினால் எடிட்டர் வெட்டிவிடுவார். ரமாமணியின் அந்த இழுவையைக் கவனியுங்கள். வாக்கியத்தின் கடைசியை அவர் நீட்டுகிறாரே, சிரிப்பு வந்து உட்காருவதற்கான இடம் அதுதான். தியேட்டர் எவ்வளவு அதிர்ந்தாலும் இழுவைதான் அமுங்கும், பொருள் உள்ள சொல் ஒன்றுகூட அமுங்காது. இது எனக்குத் தெரிய வருவதற்கு அந்தப் படத்தைத் தியேட்டரில் கூட்டத்தோடு பல தடவை பார்க்க வேண்டியிருந்தது. தனியாக டிவியில் பார்த்தால் பிடிபடாது.

இனி கைக்கு வருவோம். எங்கள் வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது யாரையும் சும்மா நிற்க விடமாட்டார். ஒருத்தி அம்மியில் அரைத்துக்கொண்டே சொல்ல வேண்டும், இன்னொருத்தி அரிசி புடைத்துக்கொண்டே. கையை வேலையில் விட்டால் வாய் தானாகப் பேசும் என்பது அவர் சித்தாந்தம். முதலில் பாடம் மறந்துபோகும். பழகப் பழக, கை நிற்கிற இடத்தில் வசனத்துக்கு அழுத்தம் கிடைப்பது தெரியும். அரைத்துக்கொண்டிருந்த கை சட்டென நின்றாலே பார்ப்பவருக்கு நெஞ்சில் ஒன்று தட்டும், அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினாலே போதும்.

‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986இல் வந்தது, ஏவி.எம். படம், விசு இயக்கம். அதில் ஆச்சி செய்த வேலைக்காரி கண்ணம்மா, கிஷ்மு செய்த சம்பந்தியின் முன்னால் நின்று வழக்காடுகிற காட்சி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டே சொல்லில் ஒரு அதட்டலை அங்கே திரும்பத் திரும்பச் சொல்வார். எழுத்தில் பார்த்தால் அதே சொல், அதே சொல். கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு சுதி. முதலாவது லேசான எச்சரிக்கை, அடுத்தது எரிச்சல், அடுத்தது உரிமை. நானும் என்னோடு நடிக்கிறவர்களும் இந்தக் காட்சியைப் பற்றி மேக்கப் அறையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். எனக்கு அதில் பிடித்தது, கண்ணம்மா எந்த இடத்திலும் தான் வேலைக்காரி என்பதை மறக்காதது. எவ்வளவு பேசினாலும் அந்த வீட்டுக் கூடத்தில் தனக்கு அளந்த இடத்தைத் தாண்டி உடம்பு முன்னேறாது. குரல் மட்டும் முன்னேறும். சின்ன நடிகைகள் வீராவேச வசனம் கிடைத்ததும் கேமராவை நோக்கி ஒரு அடி எடுத்து வைப்பார்கள். வைத்த அந்த ஒரு அடியில் வேலைக்காரி காணாமல்போய் நடிகை வந்து நிற்பாள்.

உடையையும் சொல்ல வேண்டும். காஸ்ட்யூமர் கொடுக்கிற ஏழைச் சேலை பெரும்பாலும் புதுச் சேலை. கிழிசல் இருக்கும், ஆனால் மடிப்பு கலைந்திருக்காது. நான் முதல் நாள் சாயந்திரமே கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் நனைத்துப் பிழிந்து, கட்டிக்கொண்டு சமைத்து, அப்படியே படுத்துத் தூங்கிவிடுவேன். காலையில் அது என் சேலை ஆகிவிடும். முந்தானையை எங்கே செருகுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல் செட் போட்டு நடிப்பது பெரிய சோதனை. ‘சின்ன கவுண்டர்’ படத்தில் ஆச்சி எடுப்பான பல் வைத்துக்கொண்டு விஜயகாந்தின் அம்மாவாக வருகிறார். பார்த்ததும் சிரிப்பு வரும் முகம். அதே முகத்தோடு பிள்ளைக்காக அவர் கலங்கும்போது நாமும் கலங்குகிறோம். பல் செட்டை வாயில் வைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். உதடு மூடாது. ‘ப’வும் ‘ம’வும் உதடு சேராமல் வராது, ‘ச’ காற்றாகப் போய்விடும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நான் அப்படி ஒரு வேடம் செய்தபோது, செட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை சத்தமாகப் படித்தேன். பேரப்பிள்ளைகள் பயந்து ஓடின. கொஞ்ச நாளில் நாக்கு தனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பல்லுக்குப் பழகாமல் தளத்துக்குப் போனால் கவனமெல்லாம் பல்லிலேயே இருக்கும். எதிரில் நிற்கிற மகன் வேடக்காரர் கண்ணுக்கே தெரியமாட்டார்.

வயசான வேடத்துக்கும் இதேபோல் ஒரு சூட்சுமம் உண்டு. இளம் பெண்களைக் கிழவியாக நடிக்கச் சொன்னால் முதுகைக் கூனிக் குரலை நடுக்குவார்கள். எங்கள் வாத்தியார் கையில் இருக்கும் தாளக்கட்டையால் முட்டியைத் தட்டிக் காட்டுவார். “வயசை முதுகுல வைக்காத தாயி, முட்டியில வையி.” உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் மட்டும்தான் வயது தெரிய வேண்டும், நின்றுவிட்டால் கிழவியும் நிமிர்ந்துதான் நிற்பாள் என்பார். ஆச்சி தன்னைவிட வயதான வேடங்களை நிறையச் செய்தவர். குரலை அவர் நடுக்கிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1989இல் மட்டும் ‘அபூர்வ சகோதரர்கள்’ முனியம்மாவும் ‘புதிய பாதை’ ஆயாவும் வந்தார்கள். பார்த்திபனின் முதல் படமான ‘புதிய பாதை’க்குத்தான் அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பெறாத பிள்ளையை அணைத்துக்கொள்கிற பெண்கள்தான் இரண்டு பேரும், ஆனாலும் ஒருத்தியின் நடை மற்றவளுக்கு வராது. அடுத்த வருடம் ‘நடிகன்’. வயது கடந்தபின் காதல் வந்த பெண்ணின் வெட்கம். அதை எல்லோரும் நகைச்சுவை என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்மேல் இரக்கம்தான் வரும். அதற்கு அடுத்த வருடம் ‘சின்னத்தம்பி’யின் விதவைத் தாய். இந்த நான்கு பேரையும் வரிசையாகப் பாருங்கள். ஆயிரம் படம் என்ற பெருமையைவிட இந்த மூன்று வருட வேலை பெரிது என்பது என் எண்ணம்.

டப்பிங் பற்றிக் கேட்கிறார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகிய பிறகு தளத்தில் பதிவாவது வெறும் பைலட் டிராக்தான். அதில் கேமரா சத்தம், ஜெனரேட்டர் சத்தம், காக்கா எல்லாம் இருக்கும். வசனத்தை முழுக்க மறுபடி டப்பிங் தியேட்டரில் பேச வேண்டும். முன்பு பிலிம் துண்டை லூப் போட்டுச் சுழலவிடுவார்கள், இப்போது கம்ப்யூட்டர். வேலை அதேதான். உதட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். உதட்டுக்கு முன்னால் மூச்சு வரும், அந்த மூச்சைப் பிடித்தால் சிங்க் தானாக உட்காரும். குனிந்து அழுத காட்சிக்கு நிமிர்ந்து நின்று பேசினால் குரல் பொய் சொல்லும். அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, முட்டியை லேசாக மடக்கிப் பேசுங்கள். இடுப்பில் குடம் வைத்து நடந்த காட்சியானால் ஒரு பக்கம் சாய்ந்து நில்லுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை மைக்கில் சரசரக்கும், வாயில் சேலை கட்டிக்கொண்டு வாருங்கள். டப்பிங் அன்றைக்குத் தயிர்ச்சாதம் வேண்டாம், தொண்டை கட்டும்.

தளத்தில் ஒரு பழக்கம் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம். எதிரில் இருப்பவருக்கு க்ளோசப் வைக்கும்போது, தன் ஷாட் முடிந்த நடிகர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று லுக் கொடுக்க வேண்டும். வசனத்தையும் அதே உணர்ச்சியோடு சொல்ல வேண்டும். மேடையிலிருந்து வந்தவர்களுக்கு இது இயல்பு. எதிராளி பேச நாம் கேட்காவிட்டால் நாடகம் நடக்காது. இப்போது சிலர், தங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கிற சஜஷன் ஷாட் முடிந்ததும் கேரவனுக்குள் போய்விடுகிறார்கள். அசிஸ்டென்ட் டைரக்டர் பையன் பேப்பரைப் பார்த்து, மளிகைக் கணக்கு வாசிப்பதுபோல வசனம் படிக்கிறான். அவன் முகத்தைப் பார்த்து, “என்னை விட்டுப் போயிட்டியேடா” என்று நான் கதற வேண்டும். செய்கிறேன். ஆனால் நீங்கள் அப்படி விட்டுப்போகிறவர்களாக இருக்காதீர்கள். உங்களுக்குக் காட்சியில் ஒரு வரிதான் என்றாலும், அடுத்தவர் க்ளோசப்புக்கு முழு மனதோடு நில்லுங்கள். ரமாமணி கேட்டதும் சிவாஜியின் முகத்தில் ஓடுகிற மாற்றத்தைப் பாருங்கள். கேட்டவள் ஒழுங்காகக் கேட்டதால்தான் அந்த முகத்தில் அது வந்தது.

என்னிடம் படிக்க வர நினைக்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். கண்ணம்மா காட்சியை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், கையை மட்டும். கை எங்கே அசைகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வசனத்தை ஒரு தாளில் எழுதி, ஆச்சி மூச்சு எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். முதல் தடவை பாதி மூச்சு தப்பிவிடும், அவ்வளவு மறைத்து எடுப்பார். தப்பியது கிடைக்கிற வரை கேளுங்கள். பிறகு அதே இடங்களில் நீங்கள் மூச்சு எடுத்துக்கொண்டு, அதே வசனத்தை உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் அம்மா செய்கிற ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டே சொல்லிப் பாருங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். கோடு போட்ட தாள் இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் காபி கொடுப்பேன், பாடம் எடுக்கமாட்டேன்.